அமுதினி சொன்ன பதில்

செல்வி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். மூடிய வேகத்தில் அட்டையிலிருந்த தூசி கிளம்பிக் கட்டிலில் கிடந்த அம்மாவின் முகத்தில் விழுந்தது. பச்சையம்மாள் இருமினாள். அந்த இருமலுக்கு நடுவிலும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“ஏண்டி நிறுத்திட்ட?”

“வெளிச்சம் இல்லம்மா. எழுத்து தெரியல.”

அது பாதிப் பொய். ஊரில் கரண்டு இல்லை என்பது நிஜம்தான். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியதிலிருந்து கச்சிராயபாளையம் ரோட்டில் வரிசையாக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதில் ஒன்று கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்தது. ஆனால் கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த வெயில் கதவு வழியாக நுழைந்து கட்டில்வரைக்கும் வந்து கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கே அது போதும். செல்வியோ கள்ளக்குறிச்சியில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறவள்.

மீதிப் பாதி வேறு. அவளுக்கு அந்தப் பக்கத்துக்கு மேலே போகப் பிடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் தொங்குமே, சாணித்தாள் புத்தகங்கள், அந்த ஜாதிதான் ‘மரகதக் கணவாய்’. பத்துப் புத்தகமாக வந்த மாயாஜாலக் கதை. முந்நூறு வயசு மந்திரவாதி விடங்கன், பார்த்தால் முப்பதுதான் சொல்லலாம். கழுகுக் கூட்டில் கிடந்த ஒரு பெண் குழந்தையை எடுத்து வந்து அமுதினி என்று பேர் வைத்து வளர்க்கிறான். தோளில் தூக்கிக்கொண்டு ஏழு மலை சுற்றுகிறான், பறவை பாஷை சொல்லிக்கொடுக்கிறான். ராட்சசன், பேசும் குதிரை, கண்ணாடி ஆறு என்று ஆறு புத்தகம் பறந்தது பாருங்கள், சோற்றை மறந்து கேட்கலாம். பச்சையம்மாளுக்கு எழுத்து தெரியாது. செல்வி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவள் படிக்க, அம்மா கேட்க, அப்படியே ஆறும் முடிந்தது.

ஏழாவதில் அமுதினிக்குப் பதினெட்டு வயசு. விடங்கன் ஒரு நாள் அவளைப் பார்க்கிறான். பார்வை மாறிப்போகிறது. “என்னை மணந்துகொள்வாயா?” என்று கேட்டுவிடுகிறான். அந்த இடத்தில்தான் செல்வி இப்போது புத்தகத்தை மூடியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் மூடியதும் அதே இடத்தில்தான். அன்றைக்கு மூடி, பரண்மேல் வீசினாள். அம்மா நோயில் படுத்த பிறகு, எடு எடு என்று நச்சரித்து அதை இறக்க வைத்திருந்தாள்.

எல்லாம் தெரிந்த கதைதானே என்பதுதான் செல்வியின் எரிச்சல். அம்மாவின் தம்பி தீனதயாளன் செல்வியைவிடப் பதினாலு வயசு மூத்தவர். நைனார்பாளையத்திலிருந்து வரும்போதெல்லாம் அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஏரிக்கரை சுற்றியவர். காதுகுத்துக்கு மடியில் வைத்துப் பிடித்தவர். அந்த மாமாவுக்கே அவளை முடிப்பதென்று பெரியவர்கள் பேசி, பாக்கு வெற்றிலை மாற்ற நாளும் பார்த்துவிட்டார்கள். தாய்மாமனுக்குக் கொடுப்பது ஊரில் உள்ளதுதான், யாரும் குற்றம் சொல்ல முடியாது. செல்விக்குத்தான் அது ஒப்பவில்லை. கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், தூக்கி வளர்த்தவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமா எழுந்து விறுவிறுவென்று போனார். அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. அடுத்த மாசம் பஸ் கண்டக்டர் கையில் இந்த ஏழாவது புத்தகம் மட்டும் வந்தது. வழக்கமாக வாங்கி அனுப்புவது அவர்தான். ஆனால் வளர்த்தவனே மாப்பிள்ளையாகும் கதையை அந்த நேரத்தில் அனுப்பினால் என்ன அர்த்தம்? குத்திக்காட்டத்தான் அனுப்பினார் என்று செல்வி முடிவு கட்டினாள். இரண்டு வருஷம் கழித்து மாமாவுக்குக் களமருதூரில் பெண் எடுத்தார்கள். கல்யாணத்துக்கு அம்மா தனியாகப் போய்வந்தாள். அன்றைய பேச்சைப் பற்றி அம்மா நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மௌனம்தான் செல்வியை அரித்துக்கொண்டிருந்தது. அமுதினி சரி என்று சொல்வதைத் தன் வாயாலேயே படிக்க வைத்துக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா இப்படித் துடிக்கிறாள் என்று நினைத்தாள்.

பச்சையம்மாளின் கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“மீதி எல்லாம் வாணாம் செல்வி. அந்தப் பொண்ணு இன்னா பதில் சொல்லிச்சி? அத மட்டும் படி.”

“நாளைக்கிப் படிக்கிறம்மா.”

“என்னிய பாதியில வுட்டுட்டுப் போவச் சொல்றியா?”

செல்வி எழுந்து அடுப்படிக்குப் போனாள். கஞ்சியை ஆற்றி இரண்டு கரண்டி ஊட்டினாள். நாளைக்கு நிச்சயம் படித்துவிடலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அந்த நாளைக்கு வரவே இல்லை. சேவல் கூவுகிற நேரத்தில் செல்வி தண்ணீர் கொடுக்கப் போய் அம்மாவின் கையைத் தொட்டாள். கை சில்லிட்டிருந்தது.

செல்வி போட்ட கூச்சல் கேட்டுத் தெரு திரண்டது. அப்பா கொளஞ்சியப்பன் ரோட்டில் மறியலுக்குக் காவல் இருந்தார். ஆள் போய்ச் சொல்ல ஓடிவந்தவர், தலைத்துண்டை வாயில் திணித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வாசல் பந்தலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். பெரியப்பா மகன் சுபாஷ் சைக்கிளில் நைனார்பாளையத்துக்குச் சேதி சொல்லக் கிளம்பினான்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்து மேலே விழ வேண்டும். அது விழாமல் பாடை எழும்பாது. கோடி கொண்டுவர வேண்டியவர் தீனதயாளன் ஒருவர்தான். அவர் வருகிற வழியில் பஸ் இல்லை, வண்டி இல்லை. சாலை நெடுக மரம். அதில் ஊர் எல்லையில் கிடக்கும் பெரிய புளியமரத்தைக் கோடாலி போட்டுச் சாய்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் கொளஞ்சியப்பன்தான். பொண்ணு டைப்பிங் பாஸ் பண்ணிட்டு கவர்மெண்டு வேலை இல்லாம நிக்கிறா, நாம ரோட்டுல எறங்கலன்னா எவன் எறங்குவான் என்று சொல்லிக்கொண்டு வெட்டினார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகப் போயிற்று.

பொழுது ஏறிக்கொண்டே போனது. வழி இல்லாதபோது ஊர்ப்பொதுவில் ஒரு புடவை வாங்கிப் போட்டு எடுத்துவிடலாம் என்று இருசப்பன் சொல்லிப் பார்த்தார். ஊருக்கே பெரியவர் அவர்.

“மச்சான் வரட்டும்,” என்றார் கொளஞ்சியப்பன். “அனாதப் பொணமா அவ?”

மாமா வருவாரா என்று செல்விக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாக வராதவர், நான் இருக்கிற வீட்டுக்கு இன்றைக்கு மட்டும் எப்படி வருவார்? அம்மாவைக் கடைசியில் தம்பியின் புடவைகூட இல்லாமல் அனுப்பப் போவது நான்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பெஞ்சைச் சுற்றி அம்மாவோடு களை வெட்டுகிற செட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிப் பிடித்து அழுது, ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டி, இப்போது சும்மா இருந்தார்கள். வெயிலில் பந்தல் ஓலை வாடிக்கொண்டிருந்தது. செல்வி எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த புத்தகத்தை எடுத்துவந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். விட்ட பக்கத்தைப் பிரித்தாள்.

“நாளைக்கின்னு சொன்னேன் இல்ல?” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

ஒருத்தி, பொண்ணுக்குப் புத்தி கலங்கிப் போச்சே என்று வாயில் அடித்துக்கொண்டாள். செட்டுக்குத் தலைவி தங்கமணி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

“சும்மா இரு. அது மரகதக் கணவாய்.”

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கமணி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். பச்சையம்மாள் அத்தனையும் களை வெட்டுகிற கொல்லையில் சொல்லுவாளாம். ராத்திரி மகள் படித்ததைக் காலையில் மணிலாக்கொட்டைக் கொல்லையில் களைக்கொட்டோடு உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் சொல்லுவாளாம். கதை கேட்கிற ஆசையில் மெனைக் கணக்கில் ஒரு வரிசை கூடுதலாகவே வெட்டிவிடுவார்களாம். கழுகுக் கூட்டிலிருந்து கண்ணாடி ஆறுவரைக்கும் செட்டுக்கே மனப்பாடம். நாலு வருஷமாக, அமுதினி என்ன சொன்னாள் என்று தெரியாமல் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

“படி தாயி. அவளும் கேக்கட்டும், நாங்களும் கேக்கறோம்.”

செல்வி படித்தாள். முதலில் குரல் உடைந்து உடைந்து வந்தது. பிறகு நிலைத்தது. விடங்கன் கேட்கிறான். அமுதினி பேசாமல் இருக்கிறாள். அவன் தன் தனிமையைச் சொல்கிறான், முந்நூறு வருஷத்தைச் சொல்கிறான், தூக்கி வளர்த்ததைச் சொல்கிறான். “ஐயோ, அத ஏண்டா சொல்ற,” என்று ஒரு கிழவி முனகினாள். தெருவில் நின்ற ஆண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். வாயில் ஈ போவது தெரியாமல் பெண்கள் கேட்டார்கள். செத்துக் கிடந்தவள் ஒருத்திதான் அவசரமில்லாமல் இருந்தாள்.

பக்கத்தைத் திருப்பினாள். அங்கே இருந்தது பதில்.

‘சம்மதம் என்பதுபோல் அமுதினி நாணித் தலை கவிழ்ந்தாள். அவள் கால் கட்டைவிரல் தரையில் கோலமிட்டது.’

அவ்வளவுதான். பறவை பாஷை தெரிந்தவள், ராட்சசனைக் கண்ணுக்கு நேரே பார்த்தவள், கடைசியில் கட்டைவிரலால் கோலம் போட்டாள். எழுதினவன் கை விளங்காமல் போக என்று செல்விக்கு வாய்வரை வந்தது. அம்மா கேட்டது இந்தப் பதிலைத்தான். அச்சில் இருப்பதைப் படிக்க வேண்டியது, அவ்வளவுதானே. செத்தவளிடம் பொய் சொல்லலாமா?

“இன்னா சொன்னா?” என்றாள் தங்கமணி.

செல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நீ எதை வேண்டுமானாலும் ஆசைப்பட்டிருக்கலாம் அம்மா, என்னால் இதைச் சொல்ல முடியாது என்று மனசுக்குள் சொன்னாள். அப்புறம் புத்தகத்தைப் பார்க்காமலேயே படித்தாள்.

“‘வேண்டாம்,’ என்றாள் அமுதினி. ‘நீங்கள் என்னைத் தூக்கி வளர்த்தவர். அந்தத் தோளை நான் இழக்க மாட்டேன்.’”

கூட்டத்தில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், “நெஜமா அப்பிடியா போட்டுக்கிது?” கல்யாணத்தில் முடியாத மாயக்கதை உண்டா என்று இன்னொருத்தி சந்தேகப்பட்டாள்.

“ஆமா. அப்பிடித்தான் போட்டுக்கிது. நானும் படிச்சேன்.”

சொன்னது ஆண் குரல். எல்லோரும் திரும்பினார்கள். தீனதயாளன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டி, ரோடு அடைத்த இடத்தில் வரப்பில் இறங்கி வந்திருக்கிறார். கைகளில் பட்டை உரசிய சிராய்ப்பு. மார்போடு சேர்த்துத் துண்டில் சுற்றிய கோடிப் புடவைமேல் மட்டும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி அவரைப் பார்த்தாள். படித்தவருக்குத் தெரியாதா அங்கே என்ன அச்சாகியிருக்கிறது என்று?

“வாணாம்னுதான் சொல்லுவா,” என்றார் மறுபடியும்.

தங்கமணிதான் முதலில் உடைந்தாள். பெஞ்சில் கிடந்தவளின் தாடையைப் பிடித்து, உயிரோடு இருப்பவளிடம் பேசுவது மாதிரி பேசினாள்.

“கேட்டியாடி பச்ச? நீ சொன்ன மாரியே சொல்லிட்டா பாரு. எம் பொண்ணு மாரி மொகத்துக்கு நேரா சொல்லணும், தலைய ஆட்டிட்டான்னா அந்தக் கதயே வாணாம்னு சொல்லிக்கினே இருந்தியே.”

செல்விக்கு அந்த வார்த்தை காதில் விழுந்து மனசில் இறங்கச் சற்று நேரமாயிற்று. எம் பொண்ணு மாரி. கொல்லையில் அத்தனை பேரிடமும் சொன்ன அம்மா, பெற்ற மகளிடம் ஒரு தரம் சொல்லக் கூடாதா? சொல்ல மாட்டாள். பெரியவர்கள் பேசினதை மீறின மகளை மெச்சிக்கொண்டாள் என்று பிறந்த வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும்? மனசு நிறைய வைத்துக்கொண்டு நாலு வருஷம் வாயை மூடியிருந்திருக்கிறாள். செல்வி அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து வராத அழுகையை எல்லாம் அழுதாள். அவளை விலக்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் மாமாதான் குனிந்து, தள்ளிக்க புள்ள, அக்காவுக்குப் பொடவ போடணும் என்றார். மாம்பழ நிறப் புடவை. பச்சையம்மாள் வாழ்நாளில் கட்டாத விலை.

மேளம் முன்னே போக, பச்சையம்மாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பி, தலை முழுகி, வீட்டைக் கழுவிவிட்டார்கள்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தீனதயாளன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். செல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“எப்பயும் போல கடக்காரன் அடுத்தது வந்துக்கிதுன்னான். வாங்கி கண்டக்டர் கையில குடுத்துட்டேன். பெறகுதான் சின்னசேலத்துல எனக்கு ஒண்ணு வாங்கிப் படிச்சேன்.” நிறுத்தினார். “படிச்சதும் வெக்கமாப் போச்சி செல்வி. நீ இன்னா நெனச்சிருப்பியோன்னு இந்தப் பக்கமே வரல.”

“நான் அப்பிடித்தான் நெனச்சேன் மாமா.”

“ம்.”

“அன்னிக்கி எழுந்து போனது?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாணாம்னு ஒன் வாயில வந்ததும் எனக்கு உசுரே திரும்பிச்சி, அந்தச் சந்தோசத்தப் பெருசுங்க மொகத்துல பாத்துடுமோன்னு ஓடினேன் என்றார். சொல்லிவிட்டுத்தான் தண்ணீரைக் குடித்தார். செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாலு வருஷம், இரண்டு பேரும் ஒரே சாணித்தாள் புத்தகத்துக்குப் பயந்து கிடந்திருக்கிறோமே என்று ஆற்றாமையாக இருந்தது. இடையில் அம்மா அல்லவா தம்பியைக் கடைசியாக ஒரு தரம் பார்க்காமல் போய்விட்டாள்.

எட்டாவது புத்தகத்தில் என்ன ஆகிறது என்று கேட்டாள். தெரியாது, ஏழோடு விட்டுவிட்டேன், பிடிக்கவில்லை என்றார். வேண்டுமானால் மறியல் முடிந்ததும் கள்ளக்குறிச்சியில் மீதி மூன்றையும் தேடி வாங்கித் தருவதாகச் சொன்னார். செல்வி யோசித்தாள். அதில் நிச்சயம் கல்யாண மண்டபம் இருக்கும், தோழிகள் இருப்பார்கள், அமுதினி இன்னும் நிறையக் கோலம் போட்டிருப்பாள்.

“வாணாம் மாமா. அந்தாளு எழுதினது போதும்.”

தங்கமணியும் செட்டுப் பெண்களும் ஆளுக்கொரு சட்டியில் சோறும் குழம்பும் கொண்டுவந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே. கொளஞ்சியப்பனை எழுப்பி உட்கார வைத்து இரண்டு வாய் சாப்பிட வைத்தார்கள். தீனதயாளனுக்கு ஒரு தட்டில் போட்டு வாசலுக்கு அனுப்பினார்கள். செல்விக்குத் தங்கமணி தன் கையாலேயே பிசைந்து ஊட்டினாள். சாப்பிட்ட பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. கழுவின தரை இன்னும் காயவில்லை. அதன்மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது மறுபடி அழ ஆரம்பித்துவிடுவார்கள் போலிருந்தது.

“ஏன் செல்வி,” என்றாள் தங்கமணி, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு. “வாணாம்னு சொல்லிட்டா, செரி. அப்பறம் அந்தப் பொண்ணு எங்க போச்சி?”

செல்வி கால்களை மடக்கிச் சுவரில் சாய்ந்தாள்.

“நம்ம மலையில கரியாலூர் பக்கம் எறங்கி வந்துச்சி,” என்றாள். “தனியாத்தான். அங்க ஒரு கெழவி தேன் எடுத்துக்கினு இருந்தா. இவளப் பாத்ததும் அந்தக் கெழவி இன்னா கேட்டா தெரியுமா?”

வாசலில் உட்கார்ந்திருந்த தீனதயாளன் சோற்றுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முக்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.